வெள்ளைப்புள்ளி வைரஸும் இறாலின் மரபணுக்களும்: மணிக்கணக்கு, தலைமுறைக் கணக்கு

வெள்ளைப்புள்ளி நோய் கண்ட குளத்தில் முதல் இறால் கரையோரம் ஒதுங்குவதற்கும் குளம் காலியாவதற்கும் இடையே பெரும்பாலும் மூன்று நாளிலிருந்து பத்து நாள்தான். அந்த நாட்களில் பண்ணையாளர் செய்யக்கூடியது சொற்பம். இறாலின் உடலோ சும்மா இருப்பதில்லை. வைரஸ் புகுந்த சில மணி நேரத்திலேயே அதன் மரபணுக்களில் பல வேலையைக் கூட்டுகின்றன, பல குறைக்கின்றன. இந்த ஏற்ற இறக்கத்தை மணிவாரியாக அளந்து வரைந்த படங்கள் ஆய்வேடுகளோடு நிற்கவில்லை. தீவனத்தோடு கலக்கும் மருந்துகளின் விளம்பரத் தாள்களிலும் இப்போது அவை வருகின்றன. எதிர்ப்பு மரபணு பல மடங்கு உயர்ந்ததாக ஒரு கம்பிப் படம், கீழே கிலோ விலை. அந்தப் படத்தை எப்படி வாசிப்பது, மாதிரி அனுப்பும்போது எதைக் கவனிப்பது, குஞ்சு வாங்கும்போது என்ன கேட்பது என்பவைதான் இந்த அத்தியாயத்தின் பொருள்.

வெள்ளைப்புள்ளி வைரஸ் 1992 வாக்கில் தைவான், சீனப் பகுதியில் தலைகாட்டியது. 1994 இறுதியில் இந்தியக் கரைக்கு வந்து, அப்போது எல்லோரும் வளர்த்த புலி இறாலை வாரிக்கொண்டு போனது. 1995-ல் டெக்சாஸ், 1999-ல் எக்குவடோர். 2001-ல் அதன் மரபணுத் தொகுப்பு முழுதாகப் படிக்கப்பட்டது. சுமார் 3 லட்சம் எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ., அதில் 180-ஐ ஒட்டிய மரபணுக்கள். விலங்குகளைத் தாக்கும் வைரஸ்களில் இது பெரிய உருப்படி. அந்த மரபணுக்களில் பெரும்பாலானவை அதற்கு முன் வேறெந்த உயிரிலும் பார்த்தவற்றோடு ஒத்துப்போகவில்லை. வனாமி இறாலின் தொகுப்பு 2019-ல் வெளியானது. அதில் சுமார் 25,000 மரபணுக்கள். எண்ணிக்கையில் இறால்தான் பெரிய கை. ஆனால் நம் உடலில் உண்டாகும் நோய் எதிர்ப்பொருள் இறாலுக்குக் கிடையாது. ஒரு முறை வந்த நோயை ஆயுளுக்கும் நினைவில் வைக்கும் செல்களும் கிடையாது. பிறவியிலேயே உள்ள பொதுவான தற்காப்பை வைத்துத்தான் ஒவ்வொரு முறையும் சமாளிக்க வேண்டும்.

முதல் இரண்டு நாள்

கீழே சொல்லும் மணிக்கணக்கு ஆய்வுக்கூடத்தில் ஊசி மூலம் வைரஸ் ஏற்றிய இறால்களுடையது. குளத்தில் இறால் பெரும்பாலும் செத்த இறாலைத் தின்றுதான் நோயை வாங்குகிறது. அங்கே கடிகாரம் மெதுவாக ஓடும். இறாலுக்கு இறால் வேறு நேரம் காட்டும்.

வைரஸின் மேலுறையில் வி.பி. 28 என்றொரு புரதம் இருக்கிறது. இறால் செல்லுக்குள் பொருட்களை இடம் மாற்றும் ராப்-7 என்ற புரதத்தோடு அது ஒட்டிக்கொள்வதைத் தாய்லாந்து ஆய்வாளர்கள் 2006-ல் புலி இறாலில் காட்டினார்கள். உள்ளே போன சில மணி நேரத்தில் ஐ.இ.1 போன்ற வைரஸின் முதல் மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. அதே நேரத்தில் இறாலின் பக்கமும் அசைவு தெரியும். அந்நியப் பொருளை அடையாளம் காணும் லெக்டின்கள், டோல், ஐ.எம்.டி. என்ற இரு எச்சரிக்கைத் தொடர்கள், அவற்றின் முடிவில் உற்பத்தியாகும் ஏ.எல்.எஃப்., பெனெய்டின், கிரஸ்டின் போன்ற சிறு புரதங்கள் எல்லாம் இந்தக் கட்டத்தில் ஏறலாம். வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டாக நறுக்கும் டைசர், ஆர்கனாட் மரபணுக்களும் அப்படியே. 'ஏறலாம்' என்றுதான் சொல்ல முடிகிறது. எவ்வளவு வைரஸ் ஏற்றினார்கள், எந்த உறுப்பை எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து ஒரு ஆய்வில் ஏறிய மரபணு இன்னொன்றில் இறங்கியிருக்கும்.

பன்னிரண்டாம் மணி வாக்கில் கதை மாறுகிறது. இறால் செல் சர்க்கரையை வேகவேகமாக, அரைகுறையாக எரிக்கத் தொடங்குகிறது. குளுக்கோஸ் செலவும் லாக்டேட்டும் கூடுகின்றன. சேமித்த கொழுப்பு கரைகிறது. புற்றுநோய்ச் செல்களில் வார்பர்க் என்ற அறிவியலாளர் கண்ட அதே போக்கு இது. தைவான் ஆய்வாளர்கள் வனாமியில் இதை விரிவாகப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். சர்க்கரையை எரிக்கும் மரபணுக்கள் இப்போது உயர்ந்து நிற்கும். அது இறாலின் போராட்டம் அல்ல. தன் டி.என்.ஏ.வை நகலெடுக்கத் தேவையான சரக்கை வைரஸ் அந்த வழியாகத் தயாரித்துக்கொள்கிறது. இருபத்து நான்காம் மணியை ஒட்டி திசை திரும்பும். கரைந்த கொழுப்பு மறுபடி கட்டப்படும், ஏனென்றால் புதிய வைரஸ்களுக்கு மேலுறை வேண்டும். ஏறக்குறைய ஒரு நாளில் ஒரு சுற்று முடிந்து அடுத்த செல்களுக்குப் பரவல் தொடங்குகிறது.

தொற்றுண்ட செல் தன்னைத் தானே அழித்துக்கொண்டால் வைரஸின் வேலை பாதியில் நிற்கும். இறால் அதையும் முயல்கிறது. அதைத் தடுக்கவே வைரஸிடம் தனிப் புரதம் உண்டு. நாற்பத்தெட்டு மணியைத் தாண்டினால் இரத்தச் செல்கள் குறைந்துபோகும். இரத்தம் உறைவதும் தாமதமாகும், சில நேரம் உறையவே உறையாது. குளக்கரையில் ஊசியால் உறிஞ்சிப் பார்க்கக்கூடிய அடையாளம் இது. வெள்ளைப்புள்ளியை மட்டும் நம்புவதைவிட இதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. வனாமியில் பல சமயம் புள்ளி தெரியாமல் உடல் சிவந்தே சாகும். வேறு பக்கம், பாக்டீரியாவாலும் தண்ணீரின் காரத்தன்மையாலும் ஓட்டில் வெள்ளைப் புள்ளி விழுவதுண்டு.

உயர்ந்தது யாருக்காக?

எஸ்.டி.ஏ.டி. என்றொரு புரதம் விலங்குகளில் பொதுவாக வைரஸ் எதிர்ப்பைத் தூண்டும் தொடரில் வருவது. வெள்ளைப்புள்ளி தாக்கிய இறாலிலும் அது விழிக்கிறது. முதலில் இதைப் பார்த்தவர்கள் எதிர்ப்பு நடக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் வைரஸின் ஐ.இ.1 மரபணுவின் முகப்பிலேயே எஸ்.டி.ஏ.டி. வந்து உட்காரும் இடம் ஒன்று இருப்பது 2007-ல் வெளிவந்தது. திருடனைப் பிடிக்க வீட்டுக்காரர் போட்ட விளக்கு வெளிச்சத்திலேயே திருடன் பூட்டை உடைக்கிறான். டோல் தொடரின் முடிவில் வரும் புரதங்களுக்கும் வைரஸ் இதே மாதிரி இடம் வைத்திருக்கிறது.

ஆகவே விளம்பரத் தாளில் ஒரு மரபணு உயர்ந்ததாகக் காட்டினால் முதல் கேள்வி, அந்த உயர்வால் லாபம் யாருக்கு என்பது. வைரஸை ஏற்றி, மருந்து தின்ற இறாலும் தின்னாத இறாலும் எத்தனை பிழைத்தன என்ற கணக்கு உடன் இருக்கிறதா? அது இல்லாத படத்துக்கு நான் விலை கொடுக்க மாட்டேன். இரண்டாவது கேள்வி, எந்த மணியில் எடுத்தது? ஆறாம் மணியில் ஏறி இருபத்து நான்கில் சரிந்துபோன மரபணுவை ஆறாம் மணியில் மட்டும் காட்டுவது பொய் இல்லை, ஆனால் போதாது. மூன்றாவது, வைரஸ் ஏற்றவே இல்லாத, வெறும் உப்புக் கரைசல் ஊசி போட்ட இறால்களை அதே மணிகளில் அளந்தார்களா? பிடித்துக் கையாள்வதும் ஊசி குத்துவதும் சட்டை உரிக்கும் பருவமும்கூட இறாலின் மரபணுக்களை ஏற்றி இறக்கும். பீட்டா-குளுக்கான் போன்ற தூண்டுபொருட்களில் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. கம்பிப் படம் மட்டும் அந்தப் பயனை நிரூபிக்காது.

நாற்பத்தெட்டாம் மணிக்குப் பிறகு சரியும் மரபணுக்களையும் இப்படியே எடைபோட வேண்டும். இரத்தச் செல்களில் மட்டும் இயங்கும் மரபணு ஒன்று பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது என்றால், மரபணு அடங்கியிருக்கலாம், அல்லது அந்தச் செல்களே செத்திருக்கலாம். உடலே சிதையும் நேரத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

மாதிரி எடுக்கும்போது

வெள்ளைப்புள்ளி வைரஸ் இறாலின் எல்லா உறுப்பிலும் பெருகுவதில்லை. செவுள், ஓட்டுக்கு அடியில் உள்ள தோல், வயிற்றுச் சுவர், இரத்தம் உண்டாகும் திசு ஆகியவற்றில் பெருகும். பண்ணையில் எல்லோரும் 'கல்லீரல்' என்று சொல்லும் செரிமானச் சுரப்பியின் செல்களிலும் குடலிலும் பெருகாது. வெட்டித் திறந்ததும் கண்ணில் படுவது அதுதான் என்பதால் பலரும் அதையே அறுத்து அனுப்புகிறார்கள். நோய் இருந்தும் 'இல்லை' என்ற முடிவு வர இது ஒரு சுலபமான வழி. நீச்சல் கால் அல்லது செவுளை அனுப்புங்கள். நீச்சல் காலை வெட்டினால் இறால் சாகாது, தாய் இறாலைச் சோதிக்க அதுவே வசதி. குஞ்சுகளை அனுப்பும்போது கண்களை நீக்கிவிட வேண்டும். கண்ணில் உள்ள பொருள் பி.சி.ஆர். வினையைக் கெடுக்கும்.

வைரஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க 95 சதவீத ஆல்கஹால் போதும். ஃபார்மலினில் போட்டால் பி.சி.ஆருக்கு உதவாது. மரபணு ஏற்ற இறக்கம் அளக்க வேண்டுமானால் தேவை ஆர்.என்.ஏ. அது நிமிடங்களில் சிதைந்துபோகும் பொருள். உயிருள்ள இறாலிலிருந்து எடுத்ததும் ஆர்.என்.ஏ. காக்கும் கரைசலிலோ திரவ நைட்ரஜனிலோ போட வேண்டும். ஐஸ் பெட்டியில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்த இறால் இதற்கு ஆகாது. பத்து இறாலை ஒன்றாக அரைத்து ஒரே மாதிரியாக அனுப்புவதும் வேண்டாம். ஒன்பது நலமாகவும் ஒன்று சாகும் தறுவாயிலும் இருந்தால் கிடைக்கும் சராசரி எந்த இறாலையும் சொல்லாது. அளவீட்டுக்கு ஒப்பாக வைக்கும் நிலையான மரபணு ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்கட்டும் என்று ஆய்வகத்திடம் கேட்டுக்கொள்ளலாம். தொற்றுக் காலத்தில் ஆக்டின் போன்றவையும் ஆடுகின்றன.

வெப்பம் செய்வது

வைரஸ் ஊசி போட்ட வனாமியை 26 டிகிரி தண்ணீரில் வைத்தால் ஏறக்குறைய எல்லாம் சாகும். 32, 33 டிகிரியில் வைத்தால் பெரும்பாலானவை பிழைக்கும். 2000-களின் தொடக்கத்திலிருந்து பல ஆய்வகங்களில் திரும்பத் திரும்ப வந்த முடிவு இது. அந்த வெப்பத்தில் வைரஸின் மரபணுக்கள் மந்தமாகின்றன, இறாலின் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் கூடுகின்றன. நோய் குணமாகிவிட்டது என்று மட்டும் எண்ணக் கூடாது. தண்ணீரை மறுபடி 27 டிகிரிக்கு இறக்கினால் சாவு தொடங்குவதையும் அதே ஆய்வுகள் பார்த்தன.

நம் கரையில் வடகிழக்குப் பருவமழையோடு தண்ணீர் குளிர்வதும் அந்தப் பட்டத்தில் வெள்ளைப்புள்ளி கூடுவதும் டெல்டாப் பண்ணையாளர்களுக்குப் பழகிய சங்கதி. குளத்தைச் சூடேற்றுவது நடக்காத காரியம். பொரிப்பகத் தொட்டியில் முடியும், ஆனால் அங்கே வெப்பம் வைரஸை மறைத்துவைக்கும் ஆபத்து இருக்கிறது. சூடான தொட்டியில் நலமாகத் தெரிந்த குஞ்சு குளிர்ந்த குளத்தில் இறங்கியதும் சரியலாம். பட்டத் தேர்வுதான் இதில் பண்ணையாளர் கையில் உள்ள கருவி.

தலைமுறைக் கணக்கு

ஒரு இறாலுக்குள் நடப்பது மணிக்கணக்கு. இறால் கூட்டத்தின் மரபணுக்கள் மாறுவது தலைமுறைக் கணக்கு. 1992-ல் எக்குவடோரின் தௌரா ஆற்றை ஒட்டிய பண்ணைகளில் தொடங்கிய தௌரா வைரஸ் வனாமியை அழித்தது. பிழைக்கும் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்துச் சில தலைமுறை இனப்பெருக்கம் செய்ததும் எதிர்ப்பு நன்றாகவே ஏறியது. ஹவாயில் நடந்த, 2002-ல் வெளியான ஒரு ஆய்வில் ஒரே தலைமுறைத் தேர்வில் பிழைப்பு சுமார் 18 சதவீதம் கூடியது. கூடவே வளர்ச்சி சுமார் 5 சதவீதம் குறைந்தது. இந்த இரண்டாவது எண்ணைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அதே முறையை வெள்ளைப்புள்ளியில் போட்டபோது கைகொடுக்கவில்லை. கொலம்பியாவில் 2005-ல் வெளியான ஆய்வுகளில், பிழைப்பில் உள்ள வேறுபாட்டில் பெற்றோர் வழியாக வரும் பங்கு பெரும்பாலும் ஐந்தில் ஒன்றுக்கும் கீழேதான், சிலவற்றில் பூஜ்யத்தை ஒட்டியும் இருந்தது. வளர்ச்சியோடு உள்ள முரண் தௌராவில் கண்டதைவிட அழுத்தமாக இருந்தது. ஊசியிலோ தீவனத்திலோ வைரஸைக் கொடுத்தால் கிட்டத்தட்ட எல்லாமே சாவதும் ஒரு தொல்லை. எல்லாம் செத்தால் எந்தக் குடும்பம் தேவலை என்று எப்படிப் பிரிப்பது? எதிரியும் அதே இடத்தில் நிற்கவில்லை. ஆரம்பகாலத்தில் பிரித்தெடுத்த வைரஸ்களின் டி.என்.ஏ.வில் இருந்த சில நீண்ட துண்டுகளைப் பின்னால் வந்தவை இழந்திருக்கின்றன. தொகுப்பு சுருங்கியிருக்கிறது. இறாலுக்கு ஒரு தலைமுறை ஏறக்குறைய ஒரு வருடம், வைரஸுக்கு ஒரு நாள்.

இன்னொரு சிக்கல் நடைமுறை சார்ந்தது. இனப்பெருக்க மையத்தில் வைரஸ் பட்ட இறாலை வைத்திருக்க முடியாது. அதனால் கூடப்பிறந்தவற்றை வேறு இடத்துக்கு அனுப்பி அங்கே நோயேற்றி, எந்தக் குடும்பம் அதிகம் பிழைத்தது என்று பார்த்து, மையத்தில் உள்ள சகோதரங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குடும்பத்தைத் தெரிந்துகொள்ளலாம், குடும்பத்துக்குள் எந்த ஒன்று மேல் என்பது தெரியாது. டி.என்.ஏ. குறியீடுகளை ஆயிரக்கணக்கில் படித்துத் தேர்வு செய்யும் புதிய முறை இந்த இடைவெளியைத்தான் நிரப்புகிறது. வெள்ளைப்புள்ளி எதிர்ப்பில் மெதுவாக நகர்வு தெரிவது இந்த வழியில்தான்.

குஞ்சு வாங்குபவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. 2009-ல் இந்தியாவுக்கு வனாமி தாய் இறால்கள் முறைப்படி வரத் தொடங்கியபோது, சென்னை நீலாங்கரைத் தனிமைப்படுத்தல் நிலையம் வழியாக வந்தவை எஸ்.பி.எஃப். வகை, அதாவது குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லாதவை. எஸ்.பி.ஆர். என்பது குறிப்பிட்ட நோயை எதிர்க்கும் மரபு உடையவை. முதலாவது சுத்தத்தைச் சொல்வது, மையத்தின் வாசலைத் தாண்டினால் போய்விடும். இரண்டாவது மரபைச் சொல்வது, குஞ்சோடு குளத்துக்கு வரும். எஸ்.பி.எஃப். குஞ்சு வெள்ளைப்புள்ளியைத் தாங்கும் என்று எந்தப் பொரிப்பகமாவது சொன்னால், எந்த வைரஸுக்கு எதிராக, எத்தனை தலைமுறைத் தேர்வு, நோயேற்றிப் பார்த்த பிழைப்பு எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். தாய் இறாலுக்கு என்ன தீவனம் என்றும் கேளுங்கள். கடற்கரைச் சேற்றில் தோண்டி எடுக்கும் புழுக்கள் வெள்ளைப்புள்ளியைக் கடத்த முடியும் என்பதை சென்னை உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவன (சிபா) ஆய்வாளர்கள் 2005-லேயே காட்டியிருக்கிறார்கள்.

பிழைத்தவற்றைத் தாயாக்கலாமா?

நோயில் ஒரு குளம் போய், மூலையில் நூறு இறால் தப்பினால் அவற்றைத் தாயாக்கும் ஆசை இயல்பாக வரும். எக்குவடோர் ஏறக்குறைய அதைத்தான் செய்தது. 1999 சாவுக்குப் பின் குளத்தில் பிழைத்தவற்றிலிருந்து தன் இனங்களைக் கட்டியது. பெரிய குளம், குறைந்த அடர்த்தி, பல வருடப் பொறுமை. 2022 வாக்கில் அதன் ஏற்றுமதி வருடத்துக்கு 10 லட்சம் டன்னைத் தாண்டியது. அந்த வெற்றியைப் பார்த்துத் தனிப் பண்ணையாளர் ஒருவர் அதையே செய்யப் போனால் கதை வேறு. தப்பியவற்றில் பல வைரஸைச் சுமந்தே உயிரோடிருக்கும், முட்டையிடும் அழுத்தத்தில் அது மறுபடி பெருகும். நூறு இறாலில் தொடங்கினால் இரண்டு மூன்று தலைமுறையில் நெருங்கிய உறவுக் கலப்பு வளர்ச்சியைத் தின்னும். எல்லாவற்றுக்கும் மேல், குளத்தில் வளர்ந்த வனாமியைத் தாயாக்க இந்திய விதிகள் இடம் தருவதில்லை.

பிழைத்த இறாலின் மரபணுத் தொகுப்பில் இன்னொரு விநோதமும் நடக்கலாம். தாய்லாந்தின் மகிடோல் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் பணியாற்றிய திமோத்தி ஃபிளெகல் 2009-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். தாக்கிய வைரஸின் துண்டுகளை இறால் தன் டி.என்.ஏ.விலேயே செருகிக்கொள்கிறது, அந்தத் துண்டிலிருந்து எழும் ஆர்.என்.ஏ. அதே வைரஸை நறுக்க வழிகாட்டுகிறது, செருகல் முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகலாம் என்றார். தொற்றுண்ட புலி இறாலில் வைரஸின் வட்டவடிவ டி.என்.ஏ. நகல்களைப் பிரித்தெடுத்து வேறு இறாலில் செலுத்தியபோது வைரஸ் பெருக்கம் குறைந்ததைத் தாய்லாந்துக் குழுவினர் பின்னர் காட்டினார்கள். இறாலுக்கு எதிர்ப்பொருள் இல்லாவிட்டாலும் ஒரு வகை நினைவு உண்டு என்பதற்கு இதுவரை கிடைத்ததில் வலுவான தடயம் இதுவே என்பது என் எண்ணம். வைரஸ் மரபணுவின் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை ஊசியில் கொடுத்தால் இறால் பிழைக்கும் என்பது 2000-களிலேயே தெரியும். குளத்தில் ஒவ்வொரு இறாலுக்கும் ஊசி போட முடியாது, அதனால் தீவனம் வழியாகக் கொடுக்கும் முயற்சிகள் நடக்கின்றன.

இந்தச் செருகல்களால் பொரிப்பகத்துக்கு இன்றே ஒரு நேரடி விளைவு உண்டு. வளர்ச்சியைக் குன்றச் செய்யும் ஐ.எச்.எச்.என்.வி. வைரஸின் துண்டுகள் ஆப்பிரிக்க, ஆஸ்திரேலியப் புலி இறால்களின் டி.என்.ஏ.விலேயே கலந்திருப்பது 2006-ல் தெரியவந்தது. சாதாரண பி.சி.ஆர். அந்தத் துண்டையும் வைரஸ் என்றே எண்ணி 'உண்டு' என்று காட்டும். புலி இறால் தாய்க்கு அப்படி ஒரு முடிவு வந்தால் உடனே கொன்றுவிடாதீர்கள். தனித்தொட்டியில் வைத்து, செருகலைப் பிடிக்காமல் உண்மையான வைரஸை மட்டும் பிடிக்கும் 309 என்ற முன்தொடர் (பிரைமர்) ஜோடியால் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். வைரஸ் தொகுப்பின் வேறொரு பகுதியையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் 'உண்டு' என்றால் அந்தத் தாய் வேண்டாம். ஒன்றில் மட்டும் என்றால் முட்டையைத் தனியே பொரித்து, குஞ்சையும் சோதித்த பிறகு முடிவெடுக்கலாம்.